கலெக்ஷன் இல்லாத ரூட்டில் யார் வாழ்கிறார்கள்?

பஸ் கேட்டு மனு கொடுத்த எல்லோருக்கும் பழகிப்போன பதில் ஒன்று உண்டு: "அந்த ரூட்டுல கலெக்ஷன் இல்லீங்க." ஊர் மாறும், அதிகாரி மாறுவார், பதில் மட்டும் மாறாது. கேட்டவர் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். கலெக்ஷன் இல்லாத இடத்துக்கு எப்படி பஸ் விடுவார்கள் என்று நமக்கே தோன்ற ஆரம்பித்துவிடும்.

கலெக்ஷன் என்பது ஒரு நடைக்கு எவ்வளவு டிக்கெட் காசு வந்தது என்ற கணக்கு. அது ஏறியவரை மட்டுமே எண்ணும். பஸ் வராததால் நடந்து போனவர், ஷேர் ஆட்டோவுக்குக் காசு அழுதவர், கம்பெனி வேனுக்காக இருட்டில் எழுந்து ரோட்டில் நின்றவர், போக்குவரத்து இல்லை என்பதாலேயே கல்லூரியை நிறுத்திக்கொண்ட பெண் என்று யாருமே அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். வராத பஸ்ஸில் ஏறியவர்களின் எண்ணிக்கை எப்போதும் பூஜ்யம்தான். அந்தப் பூஜ்யத்தைக் காட்டித்தான் 'தேவை இல்லை' என்று ஃபைலை மூடுகிறார்கள்.

தேவையை எண்ணுகிறவர்களே பணம் எங்கே போகும் என்பதையும் முடிவு செய்கிறார்கள். இதுவரை நம்மை எண்ணியதில்லை. இனி நாமே எண்ணி, அந்தக் கணக்கை மேசையில் வைக்க வேண்டும் என்பதுதான் இளம் தோழர்களிடம் நான் வைக்கும் வாதம்.

திருப்பூரின் கிழக்கு விளிம்பில் இருக்கும் முதலிபாளையத்தை எடுத்துக்கொள்வோம். சிட்கோ தொழிற்பேட்டை அங்கே இருக்கிறது. பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் முன்னின்று உருவாக்கிய பேஷன் கல்லூரியும் அந்தத் தொழிற்பேட்டையில்தான் இருக்கிறது. சுற்றிலும் பனியன் கம்பெனிகள், ஜாப் ஒர்க் யூனிட்டுகள், பவர் டேபிள்கள். திருப்பூரின் ஏற்றுமதி 2024-25-ல் 40,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அந்தத் தொகையில் ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்தவரின் உழைப்பும், கைமடித்து செக்கிங் பார்த்து அட்டைப்பெட்டியில் அடுக்கியவரின் உழைப்பும் இருக்கிறது. அந்த உழைப்பு தினமும் காலையில் கம்பெனி கேட்டுக்கு வந்து, இரவில் வீடு திரும்பியாக வேண்டும்.

வெளியூர் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். திருப்பூரின் கடிகாரம் வேறு. காலை எட்டரைக்குத் தொடங்கி மாலையில் முடிந்தால் ஒரு ஷிப்ட். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட். அப்போது இரவு எட்டரை, ஒன்பது ஆகும். ஷிப்மெண்ட் தேதி நெருங்கினால் ரெண்டு ஷிப்ட், நள்ளிரவைத் தாண்டும். நகரத்துத் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர்களோ விடிவதற்கு முன்பே வேலை இடத்தில் நிற்க வேண்டும். கொங்குப் பகுதியில் அந்த வேலை யார் தலையில் கட்டப்பட்டிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். நம் டவுன் பஸ் நேரங்கள் பொதுவாக பள்ளிக்கூடத்தையும் அரசு அலுவலகத்தையும் பார்த்துப் போடப்பட்டவை. ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும் பெண்ணையும், விடியலுக்கு முன் துடைப்பத்தோடு கிளம்பும் பெண்ணையும் மனதில் வைத்து அட்டவணை போட்டிருந்தால் கடைசி பஸ்ஸும் முதல் பஸ்ஸும் வேறு நேரத்தில் ஓடும்.

"அதுக்குத்தான் கம்பெனி வேன் இருக்குதே" என்பார்கள். இருக்கிறது, பல கிராமங்களுக்கும் போகிறது. ஆனால் அது கம்பெனியின் வண்டி. கம்பெனி சொல்லும் நேரத்துக்குத்தான் கிளம்பும். "இன்னிக்கு ஓவர்டைம் வேண்டாம்" என்று ஒரு பெண் சொல்ல நினைத்தால், தனியாக வீட்டுக்கு எப்படிப் போவாள்? பக்கத்து கம்பெனியில் பீஸ் ரேட் கூடுதலாகக் கொடுக்கிறார்கள், மாறிக்கொள்ளலாம் என்றால் அந்த வேன் நம் காலனிக்கு வருமா? சங்கக் கூட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு என்றால் வேன் டிரைவர் காத்திருப்பாரா? வேன் ஒன்றையே நம்பியிருக்கும் தொழிலாளிக்கு வீட்டுக்குப் போகும் நேரத்தையும் சேர்த்து முதலாளிதான் தீர்மானிக்கிறார். பொதுப் பஸ் இருந்தால் அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியும். கூலிப் பேச்சில் ஒரு தொழிலாளிக்கு இருக்கும் பலத்தில் வாசலில் நிற்கும் பஸ்ஸுக்கும் பங்கு உண்டு.

இரவு வேலை பற்றி ஒரு தீர்ப்பையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு இரவு வேலையைத் தடைசெய்த தொழிற்சாலைச் சட்டப் பிரிவை 2000-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதோடு சேர்த்து விதித்த பாதுகாப்பு நிபந்தனைகளில் வாகன வசதியும் ஒன்று. வேலை செய்யும் உரிமையும் பத்திரமாக வீடு திரும்பும் வசதியும் பிரிக்க முடியாதவை என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

பஸ் எப்படி சாதிப் பிரச்சினை ஆகும் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1901-ல் சிறுவன் பீமராவ் தன் அண்ணனோடும் அக்கா மகனோடும் கோரேகாவில் வேலை பார்த்த தந்தையைப் பார்க்கப் போனார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியவர்களை ஏற்றிச் செல்ல எந்த வண்டிக்காரரும் முன்வரவில்லை. இரண்டு மடங்கு கூலி கொடுத்து, வண்டியையும் தாங்களே ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மற்றவர்களை விட அதிகம் கொடுத்துக் குறைவாகப் பெறுவது அன்று சாதி விதித்த கட்டணம். இன்று டவுன் பஸ் வராத காலனியில் இருந்து ஷேர் ஆட்டோவில் போகிறவர் கொடுப்பதும் அதே கட்டணம்தான்.

நம் பக்கமும் இந்த வரலாறு நீளமானது. பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924-ல். தனியார் பஸ்கள் வந்தபோது அவற்றிலும் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுத்தார்கள். அப்படி மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் உத்தரவிட்ட பிறகுதான் அங்கே கதவு திறந்தது. 1972-ல் பஸ்கள் அரசுடைமையாகி பல்லவன், சேரன், பாண்டியன் என்ற பெயர்களில் ஓடின. மன்னர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை. 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததும் ஆதிக்க சாதியினர் அந்த பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். தென்மாவட்டங்கள் கலவரமாயின. கடைசியில் அரசு எல்லாக் கழகங்களின் பெயர்களையும் அழித்தது. ஒரு தலித் வீரனின் பெயரைத் தாங்க முடியாத சமூகம், தலித் காலனிக்குள் பஸ் வந்து திரும்புவதை மட்டும் இயல்பாக ஏற்றுக்கொள்ளுமா?

அதனால்தான் பல ஊர்களில் நிறுத்தம் ஊருக்குள் கோயில் பக்கம் இருக்கிறது, காலனி அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கிடக்கிறது. நிழற்குடையில் யார் உட்காரலாம், யார் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதற்கும் எழுதாத சட்டம் இருக்கும். இதெல்லாம் எந்தப் போக்குவரத்து ஆய்விலும் வருவதில்லை. ஊராட்சியை ஒரே புள்ளியாக வைத்து 'பஸ் வசதி உண்டு' என்று டிக் அடித்துவிட்டால் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கும் தூரம் காகிதத்தில் காணாமல் போய்விடும்.

2021 மே 7 அன்று, மு.க. ஸ்டாலின் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற அன்றே, சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அறிவிப்பு வந்தது. விடியல் பயணம் என்று இன்று நாம் அறிந்த திட்டம் அது. மாநிலத் திட்டக்குழு அதன் பலனை ஆராய எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் திருப்பூரும் ஒன்று. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொல்லப்பட்டது. ஒரு செக்கிங் பெண்ணின் வீட்டில் இது மளிகைக் கடன் அடையும் தொகை. ஒரு அமைச்சர் 2022-ல் இதை 'ஓசி' என்று மேடையில் சொன்னபோது பெண்களுக்கு வந்த கோபம் நியாயமானது.

இந்தத் திட்டத்தை நாம் முழு மனதோடு ஆதரிக்க வேண்டும். ஆதரிக்கும்போதே அதன் ஓட்டையையும் பேச வேண்டும். இலவச டிக்கெட்டுக்கு மதிப்பு பஸ் வரும் ஊரில்தான். ஒரு காலனிக்கு டவுன் பஸ் வரவில்லை, அங்கிருந்து வேலைக்குப் போகும் பெண் ஒரு நடைக்கு 20 ரூபாய் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள், போக வர 1,040 ரூபாய். பக்கத்து ஊர்ப் பெண்ணுக்கு மிச்சமாகும் தொகையை விட இவள் கையிலிருந்து போவது அதிகம். எல்லோருக்கும் பொதுவான திட்டம், ஏற்கெனவே பஸ் இருந்தவர்களுக்கு முதலில் போய்ச் சேர்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெண்களின் பயணச் செலவை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுகட்டுகிறது. 2025-26 பட்ஜெட்டில் இதற்கு 3,600 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பணம் கோட்டையிலிருந்து வரும்போது, கண்டக்டர் பையில் விழும் சில்லறையை வைத்து ஒரு ரூட்டின் தலைவிதியை எழுதுவதில் என்ன நியாயம்? "கலெக்ஷன் இல்லை" என்ற பதிலுக்கு இருந்த பழைய அர்த்தமும் 2021-லேயே போய்விட்டது.

பஸ் போகாத இடங்களுக்கு என்று சொல்லித்தான் புதிய மினி பஸ் திட்டம் 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு ரூட்டின் நீளம் 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் சேவை இல்லாத சாலையாக இருக்க வேண்டும் என்பது விதி. உள்ளடங்கிய ஊர்களுக்கு இது உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுவது தனியார். லாபம் வராத நடையைத் தனியார் எத்தனை நாள் ஓட்டுவார்? 'சேவை இல்லாத சாலை' என்பதை யார் வரையறுக்கிறார்கள்? காலையில் ஒரு நடை வந்துபோகும் சாலைக்குச் சேவை இருக்கிறதா, இல்லையா? இரவு ஒன்பது மணிக்கு அந்தச் சாலையில் நிற்கும் பெண்ணிடம் கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும்.

"எல்லாம் சரி, பணம்?" என்பார்கள். பணம் இருக்கிறது, போகும் இடம்தான் வேறு. கோவை மெட்ரோ ரயிலுக்கு மதிப்பிட்ட தொகை 10,740 கோடி ரூபாய். 2025 நவம்பரில் மக்கள்தொகை போதாது என்று ஒன்றிய அரசு அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பியதும் பல கட்சிகள் கொந்தளித்தன. அதே 2025-26 பட்ஜெட்டில் 3,000 புதிய பஸ்களுக்கு 1,031 கோடி ரூபாய் என்றார்கள். அந்த விலைக் கணக்கில் பார்த்தால் ஒரு கோவை மெட்ரோவின் தொகைக்கு 31,000 பஸ்கள் வாங்கலாம். தமிழ்நாட்டில் ஓடும் மொத்த அரசு பஸ்களே சுமார் 20,000தான். ஓட்டுநர் சம்பளமும் டீசலும் தனி, ஒத்துக்கொள்கிறேன். மெட்ரோ வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. மெட்ரோவுக்காக ஆர்ப்பாட்டம் நடத்தும் கட்சிகளில் எத்தனை, ஒன்றரை ஷிப்ட் முடியும் நேரத்துக்கு ஒரு டவுன் பஸ் கேட்டு ஆர்ப்பாட்டம் நடத்தியிருக்கின்றன?

இதே கேள்வியை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார்கள். அங்கே பயணிகளில் மிகப் பெரும்பாலோர் பஸ்ஸை நம்பிய கறுப்பின, லத்தீன் அமெரிக்க, ஆசிய உழைக்கும் மக்கள். பணமோ புறநகர் ரயிலுக்குப் போனது. பஸ் பயணிகள் சங்கம் ஒன்றைக் கட்டி 1994-ல் குடிமை உரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். ஒரு பயணிக்கு ரயிலில் எவ்வளவு மானியம், பஸ்ஸில் எவ்வளவு மானியம் என்ற கணக்குதான் அவர்களின் ஆயுதம். 1996-ல் போக்குவரத்து நிர்வாகம் உடன்பாட்டுக்கு வந்தது. நெரிசலைக் குறைக்க கூடுதல் பஸ் விட வேண்டிய கட்டாயம் பத்து ஆண்டுகளுக்கு அதன் மேல் விழுந்தது. பஸ் பிரச்சினையை 'வசதிக் குறைபாடு' என்று கெஞ்சாமல் 'பாகுபாடு' என்று பெயர் சொல்லிக் கேட்டதால் கிடைத்தது அது.

அடுத்து, தொழில் முதலாளிகளின் பங்கு. பிரான்சில் 11 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள், சம்பளத் தொகையில் ஒரு சிறு சதவீதத்தை உள்ளூர்ப் போக்குவரத்துக்காகக் கட்ட வேண்டும். 1971-ல் பாரிஸில் தொடங்கி 1973 முதல் மற்ற நகரங்களுக்கும் விரிந்த ஏற்பாடு. தொழிலாளி நேரத்துக்கு வந்து சேர்வதால் லாபம் அடைபவர் அந்தப் பயணச் செலவிலும் பங்கு தர வேண்டும் என்ற எளிய நியாயம்தான் அதற்கு அடிப்படை. திருப்பூர் முதலாளிகள் இன்று தனித்தனியாக வேனுக்குச் செலவழிக்கிறார்கள். அதை ஒரு பொது நிதியாக்கி, சிட்கோ கேட்டிலிருந்து ஷிப்ட் நேரத்துக்கு அரசு பஸ் ஓட்டக் கேட்பது ஒன்றும் அதிகப்படியான கோரிக்கை கிடையாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் 'தொழிலே போச்சு' என்று அரசிடம் சலுகை கேட்டார்கள். கேட்கட்டும். சலுகை தரும் அரசு, அதற்கு ஈடாகத் தொழிலாளியின் பஸ்ஸுக்கு ஒரு பங்கைக் கேட்டு வாங்க வேண்டும். 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. தனிநபர் பயணப்படியோடு பொதுப் பஸ்ஸையும் சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, நம் பங்கு. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2024-ல் நிறைவேற்றியது. 2011 கணக்கெடுப்புப்படி மாநில மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். பொதுத் திட்டங்களின் செலவை நம் நிதியில் எழுதிக் கணக்குக் காட்டுவது ஆட்சிகளுக்குப் பழகிய வேலை. மகளிர் உரிமைத் தொகைக்கு இந்த நிதியைப் பயன்படுத்தியது பற்றி தேசிய பட்டியல் சாதிகள் ஆணையம் 2023-ல் தமிழ்நாடு அரசிடம் விளக்கம் கேட்டது. டெல்லியில் காமன்வெல்த் போட்டிகளுக்கு 744 கோடி ரூபாய் நம் நிதி திருப்பி விடப்பட்டது 2010-ல் அம்பலமானது தகவல் உரிமைச் சட்டத்தால்தான். போக்குவரத்துத் துறை இந்த நிதியில் எவ்வளவு எழுதுகிறது, அதில் எந்தக் காலனிக்கு எந்த ரூட் வந்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 1,000 கோடி ரூபாயில் அறிவித்த அயோத்திதாசப் பண்டிதர் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டத்தில் பஸ் திரும்புவதற்கான சாலையையும், நிழற்குடையையும், விளக்கையும் கேட்கலாம். "ரோடு சரியில்லை, பஸ் திரும்ப இடமில்லை" என்பது அவர்களின் இரண்டாவது பதில். அதற்கும் முன்கூட்டியே தயாராக இருப்போம்.

சரி, எண்ணுவது எப்படி? பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். நான்கைந்து பேர், ஒரு நோட்டு, ஒரு வாரம் போதும். சனிக்கிழமை சம்பள நாளையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். காலனியை ஊரோடு கலக்காமல் தனியாக எண்ணுங்கள். சராசரியில் நம்மைக் கரைக்க விடாதீர்கள். வீட்டுக்கு வீடு இவற்றைக் கேளுங்கள்: வேலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள், எதில் போகிறீர்கள், எவ்வளவு செலவு, நிறுத்தம் எவ்வளவு தூரம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு? கூடவே இன்னொரு கேள்வி: பஸ் இல்லாததால் போகாமல் விட்டது எது? வேலையா, கல்லூரியா, அரசு ஆஸ்பத்திரியா, மாதாந்திர ஊசியா? கலெக்ஷன் கணக்கில் ஒருபோதும் வராத தேவை இந்தக் கடைசிக் கேள்வியில்தான் கிடைக்கும்.

அந்த நோட்டோடு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். 'பஸ் வேண்டும்' என்று மொட்டையாக எழுத வேண்டாம். எத்தனை பேருக்கு, எந்த நேரத்துக்கு, எந்த நிறுத்தத்திலிருந்து என்று தீர்மானமாக எழுதி வாங்குங்கள். நகலோடு திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் பல்லடம் ரோட்டில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்குப் போங்கள். மாவட்டத்தில் பஸ் பர்மிட் கொடுக்கும் வட்டாரப் போக்குவரத்து ஆணையமாகவும் கலெக்டர்தான் செயல்படுகிறார். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் ரூட்டில் அட்டவணைப்படி எத்தனை நடை, உண்மையில் ஓடியது எத்தனை, ரத்தானது எத்தனை என்று போக்குவரத்துக் கழகத்திடம் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

பெரிய அளவிலும் ஒரு வாய்ப்பு வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். 2027 கணக்கெடுப்பில் 1931-க்குப் பிறகு முதல்முறையாக எல்லாச் சாதிகளையும் எண்ணப் போகிறார்கள். இரண்டையும் சேர்த்து, எந்தச் சாதியினர் வேலைக்கு நடந்து போகிறார்கள், யார் சொந்த வண்டியில் போகிறார்கள் என்ற அட்டவணையை வெளியிடக் கேட்போம். சாதிவாரிக் கணக்கெடுப்பு இடஒதுக்கீட்டுக்கு மட்டுமே என்று யாரும் சுருக்கிவிட வேண்டாம். பஸ் ரூட்டுக்கும் அது ஆதாரம்.

2025-ல் திருப்பூர் மாநகராட்சி தன் குப்பையை முதலிபாளையத்துப் பாறைக்குழியில் கொண்டுவந்து கொட்டியதை எதிர்த்து மக்கள் போராடினார்கள். குப்பை லாரிக்கு ரூட் போடும்போது யாரும் கலெக்ஷன் பார்க்கவில்லை. நகரத்தின் தேவை என்றார்கள், உடனே டீசலும் டிரைவரும் பணமும் கிடைத்தன. அந்த நகரத்தின் துணியைத் தைத்து, அதன் தெருவைக் கூட்டிவிட்டு வீடு திரும்புகிறவரின் தேவைக்கும் அதே வேகம் கிடைக்க வேண்டும். கிராம சபைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நோட்டை எடுங்கள், தோழர்களே.

ஜெய்பீம்!